லாபம் என்றால் மூன்று குண்டு

எங்கள் கல்லூரியில் மாணவர் படை தொடங்கியபோது அதற்கு அதிகாரியாக ஓர் ஆசிரியர் வேண்டியிருந்தது. மற்ற ஆசிரியர்கள் எல்லாம் தொப்பை வைத்த குடும்பஸ்தர்கள். கணக்கு சொல்லிக்கொடுத்த நான் மட்டும் கல்யாணமாகாத ஒல்லிக்குச்சி. காக்கிச் சட்டையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சுடுபயிற்சி ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில். நாகர்கோவிலிலிருந்து முப்பது பையன்கள் விடியுமுன் கிளம்பி என்னோடு நடந்தே வந்தார்கள். எல்லாம் எல்.எம்.ஜி. என்ற இயந்திரத் துப்பாக்கியை ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்கும் ஆசைதான். போய்ச் சேர்ந்ததும் பயிற்சி தரும் பாலக்காட்டு ஹவில்தார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

“ஆதியம் சார் சுடணும், பின்னே பிள்ளைகள். ரெண்டு பெட்டி குண்டு தரும். பத்து குண்டாவது குறிப்பலகையில கொள்ளணும். இல்லெங்கில் பிள்ளைகளுக்குத் தோக்கு இல்ல.”

தோக்கு என்றால் அவர் ஊரில் துப்பாக்கி. முப்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் மெல்ல ஒதுங்கிப் போய், தலை துவட்டக் கொண்டுவந்திருந்த துவர்த்துத் துண்டை எட்டாக மடித்துச் சட்டைக்குள் தோளில் செருகிக்கொண்டேன். துப்பாக்கி உதைத்தால் துவர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

குப்புறப் படுத்து விசையை அழுத்தினேன். அம்மாடி! பல் கிடுகிடுத்தது, மூக்குக்கண்ணாடி வாய்க்கு இறங்கியது, துவர்த்தில் வழுக்கிய துப்பாக்கிக் கட்டை கக்கத்துக்குள் போயிற்று. விரலை எடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது. பெட்டி காலியானபோது பலகையில் ஒரு கீறல் இல்லை. எனக்கோ தலை கிறுகிறுத்து அடக்க முடியாத சிரிப்பு. படுத்தபடியே சிரித்துக்கொண்டு திரும்பினால் பையன்களில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

ஹவில்தார் என் சட்டைக்குள்ளிருந்து துவர்த்தை உருவினார். “சாரே, குளிக்கான் வந்ததா? தோளுக்கும் கட்டைக்கும் நடுவில ஒண்ணும் வேண்டா. இடது கையால கட்டையைத் தோளோட இழுத்துப் பிடிக்கணும். ரெண்டு மூணு குண்டு போனதும் விரலை விடணும்.”

படபடவென்று போகிற குண்டில் இரண்டு மூன்றை எப்படி எண்ணுவது? சட்டென்று எங்கள் வீட்டு நெற்களம் ஞாபகம் வந்தது. நெல் அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். “லாபம்” என்பார். அதைச் சொல்லி, மூச்சு விட்டு, அடுத்த மரக்கால் நிறைந்த பிறகுதான் “ரெண்டு”.

இரண்டாவது பெட்டியை மாட்டியதும் “லாபம்!” என்று கத்தி அழுத்தினேன். சொல் முடிந்ததும் விரலை விட்டேன். மூன்று குண்டு. துப்பாக்கி தோளோடு அடங்கிக் கிடந்தது. மூச்சு விட்டேன். “ரெண்டு!” பின்னால் நின்றவர்கள் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் அல்லவா, “மூணு!” என்று முப்பது பேரும் சேர்ந்தே அளந்தார்கள். பெட்டி தீர்ந்தபோது பலகையில் பதினேழு ஓட்டை. எழுந்து குதித்தேன், அதிகாரி குதிக்கலாமா என்று யார் பார்த்தது?

அன்று முப்பது பேரும் சுட்டார்கள். கடைசிப் பையன் படுத்தபோது, சுடச் சொல்லி ஹவில்தாரே “லாபம்!” என்று உத்தரவு போட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினேன். தோள் எழும்பவில்லை. சாக்பீஸ் கீழே விழுந்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது: “லாபம்.”

நான் குனிந்து, இடது கையால் சாக்பீஸை எடுத்துக்கொண்டே, “ரெண்டு” என்றேன்.