சபீனா சொல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் சபீனா பேகத்தின் தம்பி அழைத்தார். "அக்கா மவுத்தாயிட்டாங்க டீச்சர். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

சபீனா எங்கள் வட்டாரத்தின் ஆசிரியர் பயிற்றுநர். கைபேசிக்குள் பிள்ளைகள் வாழும் வாழ்க்கையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து, மாதக் கூட்டத்தில் எங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்வார். பள்ளிகளுக்கு வரும்போது பிள்ளைகளிடமும் பேசி, தன் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார். முதல் கூட்டத்திலேயே நான் மல்லுக்கு நின்றேன். "ஆய்வு கீய்வெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராதுங்க. போனைப் புடுங்கிட்டு அப்பாவைக் கூட்டியான்னா எல்லாம் சரியாயிரும்."

அவர் கோபப்படவில்லை. "சரி டீச்சர். அப்பா வந்துட்டுப் போனப்பறம் அந்தப் புள்ள ஸ்கூலுக்கு வந்துச்சா?"

பெண்பிள்ளை என்றால் படிப்பு நிற்கும், மாப்பிள்ளை தேடுவார்கள். நாங்கள் பார்க்காததா?

"மிரட்டுறவனைவிட நமக்குத்தான் புள்ளைக அதிகமா பயப்படுதுக. அதான் சொல்றதில்ல. முதல்ல முழுசாக் கேளுங்க. வந்த மெசேஜை அழிக்க விடாதீங்க. புள்ளையக் கேக்காம வீட்டுக்குப் போன் போடாதீங்க" என்றார். தேநீர் இடைவேளையில் என் பக்கம் வந்து, "உங்க கை எதையாச்சும் புடுங்கத் துடிக்குது, இந்தாங்க" என்று வடையை நீட்டினார். அன்று சிரித்தவள்தான், அதன்பின் அவர் கூட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேசினார். குரலில் சிரிப்பு இல்லை. "உங்க ஸ்கூல் புள்ள ஒண்ணு டீச்சர். அவ படத்தை அசிங்கமா மாத்தி வச்சுக்கிட்டு ஒருத்தன் மிரட்டுறான். தெனமும் அவகிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். பேரைச் சொல்ல இன்னும் சம்மதிக்கல. புதன்கிழமை நானே வந்து உங்ககிட்ட சேர்த்துவிடுறேன். செத்த பொறுங்க."

புதன் வருவதற்குள் அவர் போய்விட்டார். பேகம்பூர் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையிலும் என் மனசு அங்கே இல்லை. எந்தப் பிள்ளை? இப்போது யாரிடம் பேசுகிறாள்? அன்று முழுக்க ரயில் சத்தம் கேட்டாலே, அந்தப் பிள்ளை ஏதும் செய்துகொண்டாளோ என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை வழிபாட்டில் அவருக்காக மௌனம் காத்தோம். வரிசை வரிசையாக எத்தனை முகங்கள்! 'யாரம்மா அது?' என்று மைக்கிலேயே கேட்டுவிட நாக்கு துடித்தது. கேட்டால் அந்தப் பிள்ளை பயந்து ஒரேயடியாக ஒதுங்கிவிடுவாள். "சபீனா மிஸ்கிட்ட பேசுனவங்க என்கிட்டயும் பேசலாம். உங்களைக் கேக்காம யாரையும் கூப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். சின்னாளப்பட்டியிலிருந்து வருகிற பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. உள்ளே வரவில்லை.

"மிஸ், அவங்க என் பேரைச் சொன்னாங்களா?"

"இல்லம்மா. கடைசி வரைக்கும் சொல்லல."

அதைக் கேட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

சபீனா, நிம்மதியாகப் போய் வாருங்கள். பிள்ளை பேசத் தொடங்கிவிட்டாள். அவன் இன்னும் வெளியேதான் இருக்கிறான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.