இசக்கியப்ப ஆசாரியின் வெண்கோடு

செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீவராகத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திய பள்ளிச் சேவகர், "சாரே, ஆரியசாலை ஆசாரி போயிட்டாரு" என்றார். எங்கள் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் உலோக வேலை கற்பித்த இசக்கியப்ப ஆசாரியைத்தான் சொன்னார். அவரைப் பிடிவாதக்காரர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன், பாராட்டாக.

சுதந்திரம் வந்த மறு ஆண்டு. அவர் அப்போது தற்காலிக ஆசிரியர். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பள்ளி மானேஜர் ஒரு ஜப்பானியக் குறுவாளின் படத்தைக் காட்டி, தன் வீட்டு வரவேற்பறைச் சுவருக்கு அதுபோல் ஒன்று கேட்டார். கூர் வேண்டாம்; வாயோரம் அலையலையாக ஓடும் வெண்கோடு வேண்டும். ஓணத்துக்குள் முடித்தால் வேலை நிரந்தரம்.

எல்லோரும் லாரி ஸ்பிரிங் பட்டையைச் சொன்னார்கள். ஆசாரியோ தேய்ந்த அரங்களைத் தேடிக் கடை கடையாக அலைந்தார். ஒவ்வொன்றையும் சாணைக்கல்லில் பிடித்து, பொறி பூவாகச் சிதறினால் மட்டுமே, கரி மிகுந்த நல்ல எஃகு என்று எடுத்தார்.

"ஏன் ஓய் இந்தப் பாடு?" என்றேன்.

"முதுகுல களிமண்ணப் பூசி, பழுக்கக் காச்சித் தண்ணில முக்கணும் சாரே. வாய் இறுகும், முதுகு இளகி நிக்கும். ரெண்டும் சேருற எடந்தான் கோடு. ஸ்பிரிங்குல மண்ணுக்கு அடியிலயும் இறுகிரும், பின்ன கோடு ஏது?"

புரிந்தது. எல்லாரும் ஒன்றுபோலத் தலையாட்டும் வகுப்பில், யாருக்குப் பாடம் ஏறியது என்று காண முடியாதல்லவா?

முதல் வாள் தண்ணீரில் 'டிங்'கென்று விரிசல் விட்டது. இரண்டாவதும். மானேஜர் பட்டறைக்கே வந்தார்.

"ஸ்பிரிங்க எடுத்து, ஆசிட்ல கோடு வரஞ்சு தாரும் ஆசாரி. சுவத்துல தொங்குற சாதனம், ஆரு நோக்கப் போறா? பின்ன, அரத்துல செஞ்சா துருப்பிடிக்கும்."

"நான் நோக்குவேனே! அழகுக்குன்னா கள்ளத்தனம் ஆகலாமா? வரையத்தான் வேணும்னா சித்திரக்காரன விளியுங்க."

மூன்றாவதை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கினார். அது வெண்கோட்டோடு பிழைத்தது, ஆனால் ஓணம் கழிந்த நான்காம் நாள். அதற்குள் மானேஜர் வீட்டில் வேறொருவர் ஆசிட்டில் கோடு வரைந்த வாள் தொங்கியது. வேலையும் அவருக்கே போயிற்று. ஆசாரி ஆரியசாலையில் சொந்தமாகக் கொல்லுலை வைத்தார். தன் வாளின் கோடு பற்றி ஒருநாளும் அவர் தாழ்ந்த குரலில் பேசியதில்லை.

செவ்வாயன்று அவரைக் கிடத்தியிருந்த அறையின் சுவரில் அந்தக் குறுவாள் இருந்தது. மாலையோடு வந்த மானேஜரை, வாரந்தோறும் அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிவந்த ஆசாரியின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"துருப்பிடிக்கும்னு சொன்னியளே. கிட்டப் போயி நோக்குங்க."

அவர் போய்ப் பார்த்தார். கடற்காற்று வீசும் இவ்வூரில், எட்டு ஆண்டுகளில், ஒரு புள்ளி துருவில்லை.

போய் வாரும் ஓய். கோடு அங்கேயே இருக்கிறது.