சிராங்கூன் சாலை எருமைகள்

ஐம்பதுகளில் மலாயா பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழி. நாகப்பட்டினம் கப்பல் புறப்படச் சில மணி நேரம் இருந்தது. அதற்குள் சிங்கப்பூரைக் காட்டிவிடுவதாக எங்கள் நால்வரையும் ஏற்றிக்கொண்டார் அந்த டாக்சிக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தடித்த மீசை, துறைமுகமே தன்னுடையது என்பது போன்ற குரல், பேச்சில் அந்த ஊர் 'லா'.

சிராங்கூன் சாலையில் சட்டென்று வண்டியை நிறுத்தினார். கையை வெளியே நீட்டிப் பின்னால் வந்தவர்களையும் தடுத்தார். முன்னே சாலை காலியாகக் கிடந்தது. பின்னால் ஹாரன் காதைத் துளைத்தது.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"எருமை போகுது. போகட்டும்."

"எங்கேங்க எருமை?"

"அப்பிடிக் கேளுங்க. முன்னாடி இந்த இடம் பூரா மாட்டுப்பட்டி லா. நம்ம ஆளுங்க மாடு ஓட்டி, பால் கறந்து உண்டாக்குன ரோடு. சும்மா சொன்னா யாரு கேக்குறா? கடையைத்தான் பாப்பாங்க. வண்டி நின்னா கேப்பாங்க."

"கப்பல் போயிடும்ங்க."

"கப்பலுக்கு நான் பொறுப்பு" என்று சாவகாசமாகக் கியரைப் போட்டார். சொன்னபடியே நேரத்தோடு இறக்கிவிட்டார்.

ஊரில், சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்றார்கள்.

"எருமை" என்றேன்.

"அங்கே ஏதுப்பா எருமை?"

கேட்டுவிட்டார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.