பத்தொன்பதைப் பதினெட்டாக்கிய போமன்

மாமாவின் டர்ட் பைக்கில் பின்சக்கரத்தை மாற்றிவிட்டார்கள் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். உலகத்தில் பாதிப் பேர் திருடர்கள் என்று நம்பிக்கொண்டிருந்த வயது எனக்கு.

மாமா உம்மாவின் தம்பி. சூலியா தெருவுக்குப் பின்னால் எங்கள் வீட்டிலேயே இருந்தார். நாணயமாற்றுக் கடையில் வேலை. ஞாயிறானால் கடல் தாண்டி அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம் மண் தடத்தில் ரேஸ். கடைசி ரேசில் ஒரு மேட்டைத் தாண்டும்போது பைக்கோடு விழுந்து, முதுகில் பட்டை கட்டிக்கொண்டு பல வாரம் படுத்துக் கிடந்தார். எழுந்ததும் முதல் வேலையாகப் பைக்கை அக்கரையில் இருந்த போமனிடம் அனுப்பினார். எங்கள் ஊரில் மெக்கானிக்குக்குப் போமன் என்று பெயர்.

பைக் திரும்பி வந்தது. பின் டயரில் பத்தொன்பது என்றிருந்த இடத்தில் பதினெட்டு! உம்மாவின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். ரிம் ஓர் அங்குலம் சிறுத்திருந்தது. ஆனால் தரையிலிருந்து டயரின் உச்சி வரை கிட்டத்தட்ட அதே உயரம். ஆக, ரிம்மைத் திருடிக்கொண்டு, வெளியே தெரியாமலிருக்கத் தடித்த டயரை மாட்டியிருக்கிறார் மனிதர். எப்பேர்ப்பட்ட மூளை!

"உம்மா, போமன் மாமாவ ஏமாத்திட்டாரு."

"ஒனக்கு வேற வேலை இல்லையா? போய்ப் படி லா."

பைக் என்று சொன்னாலே மாமாவைத் திட்டித் தீர்க்கிற உம்மா, அன்று சிரித்த முகமாக மீன் கழுவினார். இவரும் கூட்டோ?

ஞாயிற்றுக்கிழமை மாமா பைக்கை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். வழியில் போமன் கடையில் செயினை இறுக்க நிறுத்தினார். இதுதான் சமயம்.

"எங்க மாமாவோட பத்தொன்பது எங்க?"

போமன் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, ஒங்க அக்கா மவ என்னைய லாக்கப்ல போட்டுரும் போல!" பிறகு என்னிடம் குனிந்தார். "பத்தொன்பது ரேசுக்கு, பாப்பா. பதினெட்டுக்கு டயர்ல சதை கூட. காட்டுல கல்லு, வேரு மேல ஏறினாலும் முதுகுல இடிக்காது. ஒங்க மாமாதான் போடச் சொன்னாரு."

"ரேஸ்காரருக்குக் காட்டுல என்ன வேலை?"

போமன் மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்பேனரைப் பார்த்தார். பிடிபட்டவர்கள் இப்படித்தான் விழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

லாரி ரேஸ் தடத்துக்குப் போகவில்லை. அதை ஒட்டிய செம்பனைத் தோட்டத்தில் நின்றது. மாமா என்னை முன்னால் உட்காரவைத்து, மரங்களுக்கு நடுவே மெல்ல ஓட்டினார். சைக்கிள்கூட முந்திவிடும். ஒரு வேரில் ஏறி இறங்கியபோது என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. மரங்களுக்கு அந்தப் பக்கம் ரேஸ் தொடங்கிவிட்டது; பைக்குகள் ஒன்றாக உறுமின. மாமா எஞ்சினை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க, இல்ல மாமா?"

அவர் ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டினார்.

"ஆமாம்மா," என்றார். "நல்லா ஏமாத்திட்டாங்க."

ஒருவராவது ஒப்புக்கொண்டாரே! எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வந்து சேரும்வரை, போமனை எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று அவருக்கு யோசனை சொல்லிக்கொண்டே வந்தேன்.