கதிருக்கு ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தேவனாம்பட்டினத்தில் ஆபீஸ் தோழி வீட்டுக் காதுகுத்து. மே மாச வெயில், மட்டன் பிரியாணி, தூக்கம்... மூன்றும் சேர்ந்து கண் சொக்கிக்கொண்டு வந்தது.

“கதிர் அம்மா!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

சட்டென்று திரும்பினேன்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? எனக்குக் கதிர் என்று பிள்ளை கிடையாது. வேறு எந்தப் பெயரிலும் கிடையாது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான்.

ஆனாலும் திரும்பினேன். கூப்பிட்டவர் ரஃபீக் பாய். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். மங்கலம்பேட்டைக்காரர்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு ஆறு வருஷம் முந்திய கதை.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி தெரியாது. சைக்கிளே இறக்கத்தில் உதறும். அப்படிப்பட்டவள் ஒரு தீபாவளிக்குப் பாண்டிச்சேரி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கே பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். “அத்தை, நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க” என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்கள். மலைப்பாதை, மழை, வளைவுக்கு மேல் வளைவு... சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை!

ஊர் திரும்பியும் அந்த நினைப்புதான். என் வீட்டுக்காரருக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை. அரவை சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதான் தலை தெரியும். மற்ற நாளெல்லாம் ஆபீஸ் விட்டு வந்தால் நான், டிவி, சீரியல் மாமியார்கள். நாற்பதை எட்டப்போகிற பொம்பளைக்குக் கார் ரேஸ் ஆசை வரலாமா? வந்துவிட்டதே, என்ன செய்ய?

கடையில் இருக்கிற ரெடிமேட் கம்ப்யூட்டரில் அந்த மாதிரி கேம் ஓடாது, பார்ட் பார்ட்டாகப் பார்த்து வாங்கி நாமே மாட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் சிதம்பரத்தில் விசாரித்தால் நான்கு வீதியிலும் செய்தி போய்விடும். அதனால்தான் கடலூர்.

கடையில் ஏறி நின்றதும் பாய் கேட்ட முதல் கேள்வி — “பையனுக்கா மேடம்?”

‘இல்லை, எனக்குத்தான்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “ஆமா” என்று வந்தது.

“என்ன படிக்கிறாப்ல?”

“எட்டாவது.”

“சும்மா படம் பாக்கவா, கேமுக்கா?”

“கேம்தான். கார் ரேஸுன்னா உசிரு.”

“அப்ப போர்டோட வர்ற கிராபிக்ஸ் பத்தாது மேடம். தனியா கார்டு போடணும். கார்டு போட்டா கரண்ட் ஜாஸ்தி இழுக்கும், பவர் சப்ளையும் பெருசா வேணும். பெருசா போட்டா சூடு ஜாஸ்தி. கேபினெட்ல ரெண்டு ஃபேனாவது வச்சாதான் தாங்கும்.”

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று. ஒவ்வொரு பார்ட்டுக்கும் பாயிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் என் பையனைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

“மானிட்டர் எது போடலாம்? தம்பி கண்ணாடி போட்டிருக்காரா?”

யோசித்தேன். நான் போட்டிருக்கிறேன், வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். பிள்ளை மட்டும் எப்படித் தப்பிக்கும்? “போட்டிருக்கான்” என்றேன்.

“அப்ப பெட்டி மானிட்டர் வேணாம். தட்டையா ஒண்ணு வந்திருக்கு, அத எடுத்துக்குங்க. கண்ணு வலிக்காது.”

கடைசியாக ஸ்டீயரிங். மேஜையில் மாட்டுகிற சக்கரம், தரையில் வைக்கிற பெடல். “பெடலுக்குக் கால் எட்டணும் மேடம். தம்பி எவ்ளோ உயரம் இருப்பாப்ல?”

அதுவரை சொன்னதெல்லாம் வாய் வார்த்தை. இப்போது கையைத் தூக்க வேண்டியிருந்தது. என் தோளுக்குக் கொஞ்சம் கீழே, காற்றில் கையை வைத்தேன். வைத்த கையை எடுக்க மனசே வரவில்லை.

“எட்டும் எட்டும்” என்றார் பாய்.

கிராபிக்ஸ் கார்டு சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார். வந்துவிட்டதா என்று போனில் கேட்டிருக்கலாம். நான் நேரில் போனேன். மறுபடியும் போனேன். “தம்பி பரீட்சை எப்படி எழுதிருக்காப்ல?” “சுமார்தான் பாய், எந்நேரமும் கேம் நெனப்பு.” இப்படி நாலு வார்த்தை பேசிவிட்டு பஸ் ஏறுவேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பேச்சுக்காகத்தான் போனேன். கடலூரில் எனக்கு ஒரு பையன் இருந்தான். சிதம்பரம் திரும்புகிற பஸ் முட்லூரைத் தாண்டும்போது இருக்க மாட்டான்.

எல்லா பார்ட்டும் வந்து சேர்ந்தபோது தூக்கி வர ஆள் வேண்டும். ஒரு சனிக்கிழமை லீவு போட வைத்து வீட்டுக்காரரைக் கூட்டிப் போனேன். விஷயத்தை எப்படியாவது வழியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. படியில் ஏறும்போது சொல்லலாம் என்றால், பாய் வாசலிலேயே நிற்கிறார்!

“வாங்க சார். தம்பிய கூட்டியாரலையா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கேபிள்களைப் பார்த்தேன்.

“ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு” என்றார் அவர்.

அளந்து பேசுகிற மனுஷன். அன்றைக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. “நானே அசெம்பிள் பண்ணித் தரவா சார்?” என்று பாய் கேட்டதற்கு, “வேணாம் பாய், அவனேதான் மாட்டணுமாம். எங்கள ஸ்குரூ டிரைவரக்கூட தொட உடமாட்டான்” என்கிறார்!

“பேரு என்னா சார் தம்பிக்கு?”

“கதிர்.”

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்த பெயர் அது. டாக்டர், கோயில், மறுபடி டாக்டர் என்று அலைந்து ஓய்ந்த பிறகு இரண்டு பேருமே வாயில் எடுக்காமல் விட்ட பெயர். அதைக் கேபிள்களுக்கு நடுவே நின்றுகொண்டு சர்வசாதாரணமாகச் சொன்னார்.

“மேடம் இவ்ளோ உயரம்னு காட்டுனாங்க. பெடலுக்குக் கால் எட்டும்ல சார்?” — பாய் கையை வைத்துக் காட்டினார். இவர் தன் கையை அதற்கு மேலே, என் காது உயரத்துக்கு வைத்தார்.

“அது போன மாசம் காட்டிருப்பா. இப்ப வளந்துட்டான்.”

திரும்பி வரும்போது மானிட்டர் பெட்டி அவர் மடியில், போர்டும் கார்டும் என் மடியில். பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

“எட்டாவதுன்னுதான் சொல்லிருக்கேன். எட்டாவதுக்கு ஏது மாமா ஸ்பெஷல் கிளாஸு?” எனக்கு அவர் மாமன் மகன், கூப்பிடுவதும் அப்படித்தான்.

“கணக்குல வீக்கு” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முட்லூர் தாண்டியது. அன்றைக்கு அவன் இறங்கவில்லை, எங்களோடு வீடு வரைக்கும் வந்தான்.

மறுநாள், துணி தேய்ப்பதற்கு மட்டும் வைத்திருந்த சின்ன ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினோம். மெமரி உட்கார மறுத்தது, ஒரு வயர் மிச்சம் வந்தது, போர்டோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மாட்டினோம். ஸ்விட்ச் போட்டதும் ஃபேன் சுற்றியது, பீப் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் கைதட்டினோம்! மொசைக் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டே போனது. நான் கார் ஓட்ட, அவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கதிர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் என்றைக்குமே எடுக்கவில்லை. பாய் கடைக்குப் போகவும் காரணம் இல்லாமல் போய்விட்டது.

இப்போது பஸ் ஸ்டாண்டில் அதே பாய், கொஞ்சம் நரைத்த தாடியோடு.

“தம்பி இப்ப காலேஜ் இல்ல?”

“செகண்ட் இயர்” என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. மனசு என்னைக் கேட்காமலேயே அவனை வருஷா வருஷம் பாஸ் போட்டு வந்திருக்கிறது போல.

“இன்ஜினியரிங்தான? நெனச்சேன்! என் பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான். கம்ப்யூட்டர் எடுக்கறதா, எலக்ட்ரானிக்ஸ் எடுக்கறதான்னு ஒரே கொழப்பம். எங்க வீட்ல படிச்சவங்க யாரு இருக்காங்க? தம்பி நம்பர் குடுங்க மேடம். ஒரு வார்த்த கேட்டுக்கட்டும்.”

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தெரியும். ‘பாய், எனக்குப் பிள்ளையே இல்லை’ — அவ்வளவுதான். ஆனால் சொன்ன அந்த நிமிஷமே அவன் இல்லாமல் போய்விடுவானே? என் தோளுக்குக் கீழே கை வைத்த இடமும், அவர் அதற்கு மேலே கை வைத்த இடமும் வெறும் காற்றாகிவிடும். என்னால் முடியவில்லை. நம்பரைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், “எந்த நம்பரு?” என்றார்.

“நம்ம லேண்ட்லைன்தான்.”

“கரெக்டா குடுத்தியா?”

அரவை முடிந்ததால் இப்போதெல்லாம் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். வந்தால் போனை விட்டு நகர்வதில்லை. கரண்ட் போய் ஃபேன் நின்றாலும் காற்றாட வாசலுக்குப் போவதில்லை. ஆலை இன்ஜினியர்களிடமெல்லாம் எந்தப் படிப்பு நல்லது என்று கேட்டு வைத்திருக்கிறார்.

“கதிர் ஹாஸ்டல்ல இருக்கான், இப்டி சொல்லச் சொன்னான்னு சொல்லிடறேன். அந்தப் பையன் பாவம், படிப்பு விஷயமாச்சே.”

எங்கள் வீட்டு போனில் ஆபீஸ் பேசியிருக்கிறது, ஆலை பேசியிருக்கிறது, ராங் நம்பர்கள் நிறையப் பேசியிருக்கின்றன. “கதிர் இருக்காரா?” என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

ரஃபீக் பாய் பேப்பர் படிப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூர் வாசகர்களே... இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த போன் வந்த பிறகு காட்டுங்கள்.