புற்றை இடித்துப் போட்ட டெனிஸ் தளம்

நான் இரணைமடுக் குளத்து வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தபோது எங்கள் எஞ்சினியர் ஐயாவுக்கு டெனிஸ் என்றால் பைத்தியம். லண்டனில் படித்த நாளில் பழக்கமான ஒரு பிரெஞ்சுக்காரர், தொழிலாகவே டெனிஸ் ஆடி ஓய்ந்தவர், வரப்போகிறார் என்றதும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாளில் தளம் போடு என்றார். புற்றுமண்ணை நனைத்து உருளையால் இறுக்கினால் நல்ல தளமாகும்.

குளக்கட்டுக்குக் கீழே இருந்த பெரிய புற்றில் கைவைக்க ஆட்கள் மறுத்துவிட்டார்கள். பெண்கள் பால் வார்க்கிற நாகப் புற்று அது, இடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

"முதல் வெட்டை நீங்கள் வெட்டுங்கோ, பிறகு பாப்பம்."

ரோசம் வந்து ஒருவன் கையிலிருந்த அலவாங்கைப் பறித்துப் புற்றில் குத்திவிட்டேன். மனைவிக்கு ஒன்பதாம் மாதம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. புத்தி கெட்டவன் நான்! முதல் பிள்ளையே எங்களுக்குத் தங்கவில்லை. அவளிடம் நான் மூச்சுக்கூட விடவில்லை.

ஆட்டத்தன்று காலையில் அவளுக்கு வலி கண்டது. தளத்துக்குத் தண்ணீர் தெளிக்க நான் நிற்கவேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டதால், மச்சானோடு அவளைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

பிரெஞ்சுக்காரர் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஆனால் பந்து அவர் நினைத்த இடத்தில் விழுந்தது. ஐயா களைத்து உட்கார்ந்ததும் அவர் தன் கதையைச் சொன்னார், ஐயா எனக்குத் தமிழில் சொன்னார். காசுக்கு ஆடத் தொடங்கியதும், அந்தக் காலத்து வழக்கப்படி, பெரிய போட்டிகளில் அவரைச் சேர்க்கவில்லையாம். பிறகு ஊரூராகப் போய் தன்னைப் போலக் காசுக்கு ஆடுகிற அதே நாலைந்து பேரோடு ஆட்டம். முழங்கால் பழுதானது தெரிந்தால் அடுத்த ஊருக்குக் கூப்பிடமாட்டார்கள்.

"ஏழு வருசம் ஒருத்தருக்கும் சொல்லாமல் ஆடினவராம். ஆட்டம் அவரைக் களைக்கப் பண்ணேல்லையாம், அந்தப் பயம்தான் களைக்கப் பண்ணினதாம்" என்றார் ஐயா.

அப்போது குளக்கட்டில் மச்சானின் சைக்கிள் தெரிந்தது.

"அத்தான், பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!"

ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் புத்தை வெட்டினது ஆக்கள் சொல்லி எனக்கு அண்டைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டிருந்தன். சொல்லியிருந்தா ரெண்டு பேருமா இருந்து பயந்திருக்கலாம். என்னைத் தனியப் பயப்பிட விட்டிட்டியள்."