விளக்கெண்ணெய் குடித்த எஞ்சின்

சூடான விளக்கெண்ணெய் வாசனை... மற்றவர்களுக்கு அது மருந்து. எனக்கு விமானம்.

என் காலேஜ் ஹாஸ்டல் தோழிகளே, நீங்கள் நம்ப மாட்டீர்கள். அப்போது நானும்தான் நம்பவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, விமானப்படை ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஊர் திரும்பிய என் அண்ணன், ஏலாக்குறிச்சிப் பக்கம் எங்கள் களத்துக் கொட்டகையில் மூங்கிலும் துணியும் கொண்டு ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தான். எஞ்சின் திருச்சியில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. முதல் உலக யுத்த காலத்துச் சரக்கு. விசிறியோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுற்றும்.

சுற்றுகிற சிலிண்டரில் சத்தம் அடக்கும் குழாயை எங்கே மாட்டுவது? தகரத்தை வளையமாக வளைத்து எஞ்சினைச் சுற்றி மூடினான். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது. நடுநடுவே வேட்டுப்போல வெடிப்பது மட்டும் நிற்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் எங்கள் அப்பா.

"சனிக்கிழமை சாயங்காலம் வகுப்புல உக்காந்திருப்பேன். கடைசி பெஞ்சுலேருந்து வாய்ப்பாடு சொன்னா என் காதுல விழணும். விழலையா, எஞ்சின் பழைய இரும்புக்கே போயிடும்."

அண்ணன் அந்த வாரம் முழுக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தான், பெட்ரோல் அளவைக் கூட்டினான், குறைத்தான்... வெடி நிற்கவில்லை.

அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். கடை எண்ணெயை அவன் நம்பவில்லை. எங்கள் கொல்லை ஆமணக்கை அம்மா வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதப்பதை வழித்தெடுப்பாள். அதுதான் சுத்தம் என்பான்.

சனிக்கிழமை மதியம் அவன் கழற்றிய பிளக் நனைந்திருந்தது. மாதா படத்துக்கு முன் ஏற்றும் விளக்கு எனக்கு ஞாபகம் வந்தது. அதுவும் இதே எண்ணெய்தான். எரியும்போது சடசடவென்று பொரியும்.

"இதுல தண்ணி இருக்குண்ணே."

அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "என் எண்ணெயிலயா? இதக் குடிச்சுத்தான்டி நீ வளந்தே!"

"நான் எஞ்சின் இல்லம்மா."

வாணலியில் ஊற்றி அடுப்பில் வைத்தோம். நுரைத்தது, பொரிந்தது. அம்மா விறகை உள்ளே தள்ளினாள். சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சினோம்.

சாயங்காலம் மேசைக்குப் பின்னால் அப்பா. கடைசி பெஞ்சில், லீவுக்கு வந்திருந்த, பி.எஸ்ஸி. படிக்கும் நான். பதினாறாம் வாய்ப்பாடு.

எஞ்சின் கிளம்பியது. அரிசி மில் ஓடுவதுபோல் ஒரே சீரான சத்தம்... வெடியே இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேட்கிறதா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"ஏழு பதினாறு நூத்திப் பத்து."

"பத்தா? பன்னெண்டு! காலேஜுக்கு வேற அனுப்பியிருக்கேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெளியே பார்த்தார். சிரிப்பை மறைக்க மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கோடையில், வறண்ட ஏரிக்குள் விமானம் ஒருமுறை தரையை விட்டு எழும்பியது. ஒரு ஆள் உயரம் என்பான் அண்ணன். நான் பார்த்தது ஒரு முழம்.

இப்போது அவன் வேப்பந்தட்டையில் பம்ப்செட் பழுது பார்க்கிறான். நான் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு வெளியே நாள் முழுக்க லாரி, பஸ். கடைசி பெஞ்சு பேசுவது என் காதில் விழுவதில்லை. யாரும் யாருக்கும் கெடு வைப்பதுமில்லை.

அன்றைக்கு வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாயா என்று பார்க்கும்போதெல்லாம் அண்ணன் கேட்பான்.

நான் பதினாறாம் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பிக்க ஆரம்பிப்பேன்.